எல்லாக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டவள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கார்குழலியின் முகத்தை அறிந்தவர்கள் சொற்பம். அவள் குரலை அறியாதவர்கள் அதைவிடச் சொற்பம். ஆடித் தள்ளுபடி என்றால் ஆட்டோவில் அவள் குரல்தான் வரும். அந்தோணியார் தேர்பவனி, அங்காளம்மன் தீமிதி, நீட் பயிற்சி மையம், மூலநோய் வைத்தியர் என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். பழைய இரும்பு வாங்குகிறவன்கூட அவள் குரலைப் பதிந்து வாங்கி, தள்ளுவண்டியில் மாட்டிக்கொண்டு போவான்.

கணவன் பிராங்கிளின் திருவொற்றியூர் ரயிலடிக்குப் பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருந்தான். கடையின் பின்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டைகள் ஒட்டி, ஜன்னலில் பழைய மெத்தையைச் சாய்த்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை அவனே செய்திருந்தான். மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிய முடியும். எனவே ஊருக்குக் குளிர்ச்சியாகக் கேட்ட அந்தக் குரல், வேர்வை சொட்டச் சொட்டப் பேசப்பட்டது.

அவளுடைய ழகரத்துக்குத்தான் கிராக்கி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேடைப் பேச்சுக் கேட்டே தமிழ்ப் பித்துப் பிடித்து, மகளுக்குக் கார்குழலி என்று பெயர் வைத்துவிட்டு, சாகும்வரை அவளைக் 'கார்குயலி' என்றே கூப்பிட்டார். வீட்டில் அவளும் அப்படித்தான் பேசுவாள். 'வாயப்பயம்' என்பாள், 'கீது' என்பாள். மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தமிழ் வரும். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று அவள் ஆரம்பித்தால் வாக்காளர்களுக்கே தாங்கள் பெருமக்கள்தானோ என்று தோன்றும்.

தேர்தல் காலத்தில் காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் சோறு. காலையில் யாரைத் தமிழினத்தின் காவலர் என்றாளோ அவரையே மாலையில் கொள்ளைக்கூட்டத் தலைவர் என்பாள். பிராங்கிளின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுவான். "குழலி, இவங்களுக்குக் கொஞ்சம் அழுகை வேணுமாம்" என்பான். அழுகை வரும். "இதுல கோவம் பத்தல" என்பான். கோபம் வரும்.

நீ யாருக்குத்தான் ஓட்டுப் போடுகிறாய் என்று ஒருமுறை அவன் கேட்டான்.

"அல்லாரும் நல்லவங்கன்னு நான்தான ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தேன். அப்பால நானே எப்டி ஒருத்தர தள்றது" என்றாள். அந்த முறை அவள் ஓட்டுப்போடப் போகவில்லை. துணி துவைக்கும் வேலை இருந்தது.

இப்படிப்பட்டவள் மாநகராட்சியில் ஒரு மண்டலத்துக்கே தலைவரானாள்.

மாநகராட்சித் தேர்தல் அறிவித்தபோது அவளுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆளுங்கட்சியின் பகுதிச் செயலாளர் வரதனுக்கு அது இடி. பல வருடமாக அந்த வார்டின் கல்யாணம், கருமாதி ஒன்று விடாமல் போய்வந்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். அதுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அரசுப் பள்ளியில் டீச்சர். வேலையை விட்டுவிட்டு நில் என்று கேட்டுப் பார்த்தார்.

"உன் பதவி அஞ்சு வருசம். என் பென்சன் ஆயுசுக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

ஒலிப்பதிவுக்கு வந்த இடத்தில்தான் வரதனுக்குப் பொறி தட்டியது. எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படிக்கிற ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கவுன்சிலருக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று அவர் யோசித்தார்.

"நீ ஒண்ணும் பண்ண வாணாம்மா. நான் எய்தித் தர்றத படி. மிச்சத்த அண்ணன் பாத்துக்கறேன்" என்றார்.

பிராங்கிளினுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே அவளை வைத்துப் பதிவு செய்து வாங்கிப் போயிருந்தார்கள். வாங்கினது வாங்கினதுதான், வியாபார தர்மம். ஆக, பிரச்சாரம் நடந்த நாளெல்லாம் ஒரே தெருவில் முன்னால் போன ஆட்டோவில் கார்குழலி, "உங்கள் வீட்டுப் பெண் கார்குழலிக்கு வாக்களியுங்கள்" என்றாள். பின்னால் வந்த ஆட்டோவில் அதே கார்குழலி, "இந்த ஏமாற்றுக் கூட்டத்தை ஓட ஓட விரட்டுங்கள்" என்றாள். ஜனங்களுக்கு இரண்டாவது ஆட்டோவில் சொன்னது காதில் ஏறவில்லை. குரலைக் கேட்டதும், "தோ, நம்ம குயலி" என்றார்கள். எதிர்க்கட்சி தன் சொந்தச் செலவில் அவளை ஜெயிக்க வைத்தது.

அடுத்து மண்டலத் தலைவர் தேர்தல். கட்சிக்குள் வரதன் கோஷ்டி ஒன்று, அவருக்கு ஆகாத கோஷ்டி ஒன்று. இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்தவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, யாரும் பயப்படத் தேவையில்லாத ஆள் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். இரண்டு கோஷ்டியும் முதன்முறையாக ஒரே பெயரைச் சொன்னது.

உயரமான முதுகு வைத்த நாற்காலி, கார், முன்னால் நடக்கிற டவாலி எல்லாம் வந்தன. கூட்டங்களில் அவள் பக்கத்தில் வரதனுக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. அவர் கவுன்சிலரே அல்ல என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வார். கடைசியில் அவர் தலையசைத்ததும் கார்குழலி மைக்கை இழுத்து, "தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்பாள். அந்த ழகரமில்லாத வாக்கியத்தையும் அவள் சொன்ன அழகுக்காகவே சில கவுன்சிலர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஊருக்கெல்லாம் பேசியவள் பதவிக்கு வந்து ஊமையானாள் என்று ஒரு மாலைப் பத்திரிகை எழுதியது.

முதல் சர்ச்சை அவள் குரலாலேயே வந்தது. மண்டலத்தில் எதிர்க்கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு கவுன்சிலர், அடுத்த வார்டு நவ்ரீன். சுறுசுறுப்பான பெண், வாய் நீளம். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று செல்போனை மைக்கில் வைத்தாள். பழைய தேர்தல் பதிவு ஒன்று ஓடியது. "சாக்கடைக்கு மூடி போடத் துப்பில்லாத இந்தக் கட்சிக்கா உங்கள் வாக்கு?" என்று கார்குழலி கொதித்துக்கொண்டிருந்தாள். பதிவில் கோபம் பத்தவில்லை என்று பிராங்கிளின் இரண்டு முறை திரும்பப் பேசவைத்த வரி அது.

"தலைவரே சொல்றாங்க. இதுக்குத் தலைவர் பதில் சொல்லணும்" என்றாள் நவ்ரீன்.

சபை சிரித்தது. வரதன் சிரிக்கவில்லை. அன்று மாலையே நிருபர்களைக் கூட்டி, கார்குழலியின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அவள் படித்தாள். "சமூக வலைத்தளங்களில் பரவும் அந்த ஒலிப்பதிவில் இருப்பது என் குரல் அல்ல. செயற்கை நுண்ணறிவால் விஷமிகள் உருவாக்கிய போலிக் குரல்." அச்சு அசலாக அதே குரல், அதே ஏற்ற இறக்கம். நிருபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரதன் திருப்தியாக இருந்தார்.

வீட்டில் பிராங்கிளின் அன்று சாப்பிடவில்லை.

"அந்த எக்கோவ செட் பண்ண எனக்கு எவ்ளோ நேரம் ஆச்சி தெரியுமா. கம்பியூட்டர் பண்ணதுன்னு சொல்லிட்டியே" என்றான். அதற்கு அவளுக்கு யாரும் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டாவது சர்ச்சை ஒரு கழிப்பறை. திறப்புவிழா. ரிப்பன் வெட்டி, உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தவள் மேடையில் பக்கத்திலிருந்த அதிகாரியிடம், "தண்ணியே வர்ல, இத்த இன்னாத்துக்குத் தொறக்கறோம்" என்றாள். மைக் அணைக்கப்படவில்லை. நான்கு தெருவுக்குக் கேட்டது. அணைக்க மறந்தது ஆபரேட்டர் தவறு என்று அறிக்கை போனது. அவளோ மைக்கிலேயே வாழ்ந்தவள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்திருக்கிறது என்று விரல்பட்டாலே தெரிந்துவிடும். அவள் அன்று தெரிந்தே பேசினாளா என்பதை வரதன் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். கழிப்பறைக்கு மட்டும் மறுவாரம் தண்ணீர் வந்தது.

இதெல்லாம் சில்லறை. ஐஸ் பேக்டரி விவகாரம்தான் அவள் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது.

விசைப்படகுகளுக்கு ஐஸ் கட்டி அடிக்கும் அந்தத் தொழிற்சாலை கடலோரத்தில், நவ்ரீனின் வார்டில் இருந்தது. முதலாளி உச்சிமாகாளி, தெற்கேயிருந்து வந்து மளிகையில் தொடங்கி மேலே வந்தவர். கட்சியில் பகுதிப் பொருளாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து விழாவுக்குக் கார்குழலி போயிருந்தாள். மைக்செட் பிராங்கிளினுடையது. ஆட்டோவும் அங்கேயே நின்றது.

திடீரென்று ஒரு வாடை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாடைகள் புதிதல்ல. மேல்காற்று என்றால் மணலி ஆலைகள், கழிமுகப் பக்கம் என்றால் சேறு, கருவாடு என்றால் சாப்பாட்டு நேரம் என்று மூக்காலேயே வாழ்கிறவர்கள். இது எதிலும் சேராத வாடை. மூத்திரச் சந்துக்குள் தலையை விட்டதுபோல் மூக்கில் குத்தி, கண்ணில் இறங்கியது. காது குத்திய குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இருமத் தொடங்கியது.

கார்குழலி மண்டல அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"ஐஸ் பேக்டரி அமோனியா மாதிரி இருக்குன்னு தகவல் மேடம். மேல தெரியப்படுத்தியிருக்கேன். அவங்க சொல்ற வரைக்கும் நாம எதுவும் சொல்லக் கூடாது" என்றார் அவர்.

அடுத்து வரதனே கூப்பிட்டார். "அண்ணாச்சிகிட்ட பேசிட்டேன். ஒரு வால்வுதான், மூடிக்கினு கீறாங்க. நீ ஆட்டோவ எடுத்துக்கினு போயி நான் சொல்றத சொல்லு." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். அது அவளுக்குப் பழக்கம்.

ஆட்டோ தொழிற்சாலையை அடுத்த தெருவில் நுழைந்தது. ஜனங்கள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கார்குழலி மைக்கை எடுத்தாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே. எவ்வித வாயுக் கசிவும் இல்லை. யாரும் பீதி அடைய வேண்டாம். கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள்."

சொல்லி முடிப்பதற்குள் தெருவே அவள் சொன்னபடி செய்தது. கிளம்பியவர்கள் திரும்பினார்கள். கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. இடுப்பில் குழந்தையோடு பாதித் தெரு தாண்டிப்போன ஒருத்தி, நம்ம குழலியே சொல்கிறாளே என்று தெம்பாக வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கார்குழலிக்குக் கேட்டது.

இத்தனை வருடம் ஆட்டோவில் சொன்னதை யாரும் இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. தள்ளுபடிக்குக்கூட யோசித்துத்தான் போவார்கள். ஆட்டோ ஓட்டிய பிராங்கிளின் கண்களிலிருந்து தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. ஒரு வாசற்படியில் ஒரு ஆள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"திருப்பு வண்டிய. முதல்லேர்ந்து போ" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த தமிழை அந்தக் குரலில் அந்த ஊர் கேட்டதே இல்லை.

"யப்பா, யம்மா, நான் இப்ப சொன்னது தப்பு. கேஸு லீக்காவுது. உள்ள குந்திக்கினு கீறவங்க அல்லாரும் வெளிய வாங்க. மூஞ்சில ஈரத் துணிய கட்டிக்கங்க. கொயந்தைங்கள தூக்கிக்கங்க, வயசானவங்கள இட்டுக்கினு வாங்க. பேக்டரி பக்கம் போவாதீங்க, தெக்கால தேரடி பக்கமா நடங்க. பூட்டு தேடிக்கினு நிக்காதீங்க. நான் குயலி சொல்றேன், வாங்க."

கதவுகள் திறந்தன. எங்கே போவது என்று யாரோ கத்திக் கேட்டார்கள். அவளுக்கும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். "தேரடியாண்ட உச்சிமாகாளி அண்ணாச்சி மண்டபம் தொறந்து கீது. அங்க போங்க. சோறு போடறாங்க."

சற்று நேரத்தில் உச்சிமாகாளியிடமிருந்து போன் வந்தது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த குரல். "தாயி, மண்டபத்துச் சாவி என் கையில இருக்கு. திறந்திருக்குன்னு நீங்க மைக்குல சொல்லுதீயளாமே."

"தொறந்துட்டீங்கன்னா நான் சொன்னது உண்மையாயிடும் அண்ணாச்சி."

அவர் வியாபாரி. மண்டபத்து வாசலில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது என்று மேனேஜர் இன்னொரு போனில் சொல்லிக்கொண்டிருந்தான். சாவி போனது. சாம்பார் சாதமும் போனது.

பொழுது சாய்வதற்குள் வால்வை அடைத்துவிட்டார்கள். கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். யாரும் சாகவில்லை.

யாரும் சாகவில்லை என்பதுதான் அவளுக்கு எதிரான முக்கிய ஆதாரமாயிற்று. மறுநாள் தொலைக்காட்சிகளில் உச்சிமாகாளி தன் மண்டப வாசலில் கைகூப்பி நின்றார். ஆபத்தில் ஏழைகளுக்குக் கதவைத் திறந்த வள்ளல் என்றார்கள். எந்த ஆபத்து, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு நேரம் போதவில்லை. ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. விசாரணைக் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டு, கசிவு கவலைப்படும் அளவுக்கு இல்லை என்று எழுதியது. ஆகவே இல்லாத ஆபத்துக்கு ஒரு தெருவையே ஓடவிட்ட குற்றம் கார்குழலி தலையில் விழுந்தது. பீதி கிளப்பினார், அதிகாரிகளை மதிக்கவில்லை, அடுத்தவர் வார்டில் நுழைந்தார். ஓடும்போது தடுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஒருவரைக் கட்டோடு கொண்டுவந்து நிருபர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள்.

கட்சி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸை எழுதியது வரதன். மறுநாள் அதற்குப் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு வந்ததும் வரதன்தான். மண்டலத் தலைவருக்கான எல்லாவற்றையும் எழுதுவது அவர் பொறுப்பு அல்லவா. 'பதற்றத்தில் நிதானம் இழந்து தவறான தகவலைக் கூறிவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்' என்று இருந்தது.

கார்குழலி இரண்டு முறை படித்தாள். "தப்பா சொன்னேன்தான் அண்ணே. அது முதல்ல சொன்னது, நீங்க சொல்லச் சொன்னது. அத்த இதுல போடுங்க, கையெழுத்து போடறேன்."

வரதன் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உன்ன இந்தச் சேர்ல குந்த வச்சதே நான்" என்றார்.

"ஆமாண்ணே. எய்ந்திரிக்கச் சொல்லுங்க, எய்ந்திரிக்கறேன். கையெழுத்து மட்டும் வாணாம்."

நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வரதனின் கவுன்சிலர்கள்தான் கொண்டுவந்தார்கள். ஆகாத கோஷ்டியும் கையெழுத்துப் போட்டது. எதிர்க்கட்சி மேலிடம், தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போடு என்று நவ்ரீனுக்கு உத்தரவிட்டது. கார்குழலி வீட்டிலிருந்த கவர்ன்மெண்ட் பைல்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவைத்துவிட்டாள். பிராங்கிளின் பின்னறையைத் தூசு தட்டினான். அவன் சந்தோஷமாக இருந்ததை மறைக்கத் தெரியாமல் சீட்டியடித்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வரதனுக்கு ஒரு செய்தி எட்டியது. இவள் இறங்கினால் அடுத்து உட்காரப்போவது எதிர்கோஷ்டித் தலைவரின் மைத்துனி. அதற்கு இவளே தேவலை. தன் ஆட்களிடம், யாரும் போக வேண்டாம் என்றார். வரதன் ஆட்கள் வரவில்லையாம் என்று கேள்விப்பட்ட எதிர்கோஷ்டி, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தானும் போகவில்லை.

மறுநாள் மண்டல அலுவலகக் கூடத்தில் இருந்தவர்கள் கார்குழலி, நவ்ரீன், மண்டல அதிகாரி. எல்லோருக்குமாகப் போட்ட போண்டா ஒரு தட்டு நிறைய இருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போதிய உறுப்பினர் வராததால் தீர்மானம் தள்ளுபடி என்று எழுதிக்கொண்டு, ஒரு போண்டாவோடு எழுந்து போனார். கார்குழலி யாராலும் ஆதரிக்கப்படாமல், யாராலும் நீக்கப்படாமல் அந்த உயர நாற்காலியில் இருந்தாள்.

நவ்ரீன் எழுந்து போகவில்லை. சட்டினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கி நான் ஊர்ல இல்ல. ஆம்பூர்ல கல்யாணம்" என்றாள். "எங்க வூட்டுக்காரர் அண்ணன் தௌசீஃப் அந்தத் தெருவுலதான் கீறாரு. காசிமேட்டுல ராத்திரி வேல. பகல்ல தூங்குவாரு. நீ வாணாம் பயப்படாதன்னியே, அத்த கேட்டுட்டு ஜன்னல சாத்திக்கினு மறுபடி படுத்துட்டாரு. ரெண்டாவது சொன்னது அவரு காதுல வியல. பக்கத்து வூட்டுக்காரங்கதான் கதவ ஒடச்சித் தூக்கிக்கினு வந்தாங்க."

கார்குழலி கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்தாள். "இப்ப எப்டி கீறாரு."

"கீறாரு. மாடி ஏறுனா மூச்சு வாங்குது. அத்த சொல்லத்தான் இன்னிக்கி வந்தேன். ஓட்டுப் போட வர்ல."

"இட்டுக்கினு போ" என்றாள்.

காரை விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள். தௌசீஃப் கட்டிலில் உட்கார்ந்து பீடிக்குப் பதிலாகப் பட்டாணி மென்றுகொண்டிருந்தார். டாக்டர் பீடியை விடச் சொல்லியிருந்தார். கார்குழலியைப் பார்த்ததும் லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார்.

"குந்துங்கண்ணே. நான் சொன்னத கேட்டுட்டுத்தான் படுத்தீங்களாமே."

"ஆமா. நீ சொன்னா கரீட்டா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஒரு இருமல் வந்து, அது முடிய நேரமாயிற்று. அதுவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவர், "டீ சாப்டறியா" என்று கேட்டார்.

அடுத்த மண்டலக் கூட்டத்தில் வரதனின் நாற்காலி போடப்படவில்லை. போட வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அவள் கையில் தாள் இல்லை. ஐஸ் பேக்டரியில் வாயு கசிந்தால் தெருவுக்கே கேட்கிற சைரன் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம். அதை விளக்கிப் பேச எழுந்தாள். பேச்சு வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தடுக்கியது. ஆரம்பித்த வாக்கியம் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. 'அதாவது, இன்னா சொல்றேன்னா' என்று பலமுறை சொன்னாள். 'ழ'வும் 'ய'வும் குழம்பின. மேசை தட்டுகிறவர்கள் தட்டவில்லை. முன்னெல்லாம் எவ்வளவு அழகாகப் பேசும் இந்த அம்மா, பதவி வந்ததும் பேச்சே போய்விட்டது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார்.

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. உச்சிமாகாளியே அதற்குக் காரணம். வள்ளல் என்று பொன்னாடை போர்த்திக்கொண்ட மனிதர் ஒரு சைரனை எதிர்க்க முடியுமா. பார்வையாளர் பெஞ்சில் இருந்தவர் எழுந்து, "என் செலவுலயே வச்சுத் தாரேன்" என்றார். வெளியே வந்ததும் கார்குழலியிடம், "தாயி, உங்களுக்கு மைக்கைக் கொடுத்தா என் பை காலிதான்" என்று சொல்லிச் சிரித்தார். பாதிச் சிரிப்பு நிஜம்.

சைரன் கம்பத்தில் பெரிய எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதன் கீழே வரதன் பெயர். கார்குழலி பெயருக்கு இடம் போதவில்லை. வரதன் தன் மூத்த பிள்ளைக்கு அவசரமாகப் பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்துவிட்டார். வார்டு இன்னும் பெண்களுக்கே இருக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. மருமகள் பட்டதாரி, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதக் கூடாது என்பது நிச்சயதார்த்தத்திலேயே பேசப்பட்டதாம்.

மாதத்துக்கு ஒருமுறை சைரனைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பிற்பகலில் சோதித்தார்கள். மூன்றாவது மாதம் மண்டலத் தலைவர் மேல் புதிய புகார் கிளம்பியது. காது கிழிகிறது, பிள்ளைகள் அலறுகிறார்கள், இந்த அம்மாளுக்குச் சத்தம் போடாமல் இருக்கவே தெரியாதா என்று தெருக்காரர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். கொண்டுவந்தது நவ்ரீன். முதல் கையெழுத்து தௌசீஃப். ராத்திரி வேலை முடித்துவந்து அவர் தூங்குகிற நேரம் அது.

கார்குழலி மனுவைப் படித்தாள். உடனே பேக்டரிக்குப் போன் போட்டு, சோதனையைக் காலையில், அவர் வேலையிலிருந்து வந்து படுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் பதவிக்காலத்தில் வந்த நாளிலேயே தீர்ந்த மனு, அலுவலகத்தில் விசாரித்தவரை, அது ஒன்றுதான்.